நாக்குக் கட்டடத்துக்கு ஒரு முட்டு

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் இருக்கிற நாக்குக் கட்டடத்தை இடிக்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்டதாம். போன வாரம் தம்பி மகன் வந்து சொன்னான். சும்மா என் மனதுக்காகச் சொல்கிறானோ என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். நிஜம்தான் என்றான். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கியது.

ஒரு கடைக் கட்டடத்துக்காகவா கிழவி சாப்பிடாமல் கிடந்தாள் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதைக் கட்டியது என் மாமா, என் அம்மாவுடன் பிறந்த தம்பி.

இடித்துவிட்டு அங்கே கண்ணாடி போட்ட ஜவுளிக்கடை கட்டுவதாக இருந்தார்கள். அதற்குள் சென்னையில் கட்டடம் கட்டப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து, படம் பிடித்து, நாடா வைத்து அளந்து, இது பாரம்பரியக் கட்டடம், இடிக்கக் கூடாது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் பாரம்பரியம் என்றால் ராஜராஜன் கட்டியதாக இருக்க வேண்டும், குறைந்தது கோபுரமாவது இருக்க வேண்டும். இதுவோ மாவு மிஷினும் சைக்கிள் கடையும் இருந்த சிமெண்டுக் கட்டடம். என்னைவிட வயதில் சின்னது. அதுவே பழம்பெருமை என்றால் என்னை எதில் சேர்ப்பது என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு பெண் மட்டும் சிரித்துவிட்டு, "உங்களையும் ஒரு படம் எடுத்துக்கிறேன் பாட்டி" என்றாள்.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெரு முனையில், மூலை என்பதே இல்லாமல், பானையின் வயிறு மாதிரி வளைந்து திரும்பும் கட்டடம் அது. மாடியில் சன்னலுக்குச் சன்னல் செங்குத்தான சிமெண்டுப் பலகைகள் நிற்கும். சாயங்கால வெயில் அதில் விழுந்தால் சுவர் முழுக்கச் சீப்பு சீப்பாக நிழல் விழும். தரை மொசைக். எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் முன்பக்கம் தெருவை நோக்கி நீண்டிருக்கிற தளம். ஒரு வண்டியும் மாடும் நிற்கிற அகலத்துக்கு வெளியே வந்து, வளைவோடு சேர்ந்து வளைந்து போகும். அடியில் ஒரு தூண் கிடையாது. அதனால்தான் ஊர் அதற்கு நாக்குக் கட்டடம் என்று பெயர் வைத்தது. கட்டியவர்கள் சுவரில் வேறு ஏதோ பெயர் எழுதி வைத்தார்கள். அதை யாரும் சொன்னதில்லை.

கட்டினபோது நான் பாவாடை கட்டித் திரிகிற வயசு. ஆட்சி மாறிப் புது அரசு வந்திருந்த சமயம். ஊரெல்லாம் ஒரே பேச்சு, நிலம், நிலம் என்று. யாருக்கு எவ்வளவு இருக்கலாம், எவ்வளவு இருக்கக் கூடாது என்று சர்க்கார் அளக்கப் போகிறதாம். சாகுபடி செய்கிறவனை வெளியேற்ற முடியாதாம், முடியுமாம். டீக்கடையில் ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் எழுந்து நின்றுகொண்டு பேசுவார். வயலில் சிவப்புக் கொடி, கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பானைச் சோற்றைத் தின்றன.

அப்பா சிவப்பு. பண்ணை வீட்டாரின் படுகை நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து வாழை போட்டிருந்தார். காவிரிக் கரையோரம், வண்டல் மண், கால் வைத்தால் வெண்ணெய் மாதிரி உள்ளே போகும். அந்தத் தோட்டத்தில் எந்த மரம் என்றைக்குத் தார் தள்ளும் என்பது அவருக்கு மனப்பாடம். மாமா கறுப்பு சிவப்பு. முதலில் அப்பாவோடு அதே தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர், திருச்சிக்குப் போய்ச் சென்ட்ரிங் வேலை கற்றுக்கொண்டு மேஸ்திரியாகத் திரும்பி வந்தார். பண்ணை வீட்டுச் சின்னவர் கடைத்தெருவில் கட்டடம் போட ஆரம்பித்தபோது, திருச்சி இஞ்சினியர் போட்ட படத்தை நம்பி வேலையை மாமாவிடம்தான் ஒப்படைத்தார்.

அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் மாமாவுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். இரண்டு பேருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்து, என் வழியாகப் பேசிக்கொள்வார்கள்.

"ஆயி, ஒங்க மாமன்கிட்ட கேளு. ரூவாய்க்கு மூணு படி போடறேன்னாங்களே, இன்னைக்கு ஒலையில வெந்தது அந்த அரிசிதானான்னு" என்பார் அப்பா.

"ஒங்க அப்பாகிட்ட சொல்லு ஆயி. இது செவப்புக் கொடி நட்ட வயல்ல வெளைஞ்சது. அதான் வேகாமக் கெடக்குது" என்பார் மாமா.

"வேகலைன்னா ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போங்க" என்பாள் அம்மா.

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். நான் எதையும் சொல்லத் தேவையிருக்காது. இருந்தாலும் அந்த நடு இடம் எனக்குப் பெருமையாக இருந்தது. கட்சிச் சண்டை என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தளம் போட்டு முடிந்து, அடியில் சவுக்கு மரங்களை நெருக்கமாக நட்டு நிறுத்தியிருந்தார்கள். சிமெண்டு இறுகும்வரை அந்த முட்டுகள்தான் தாங்க வேண்டும். இறுகிய பிறகு எடுத்துவிடலாம். எடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் ஊரின் கவலை. முட்டை உருவின நிமிஷம் நாக்கு அறுந்து விழும் என்று டீக்கடையில் சத்தியம் செய்தார்கள். கடைகளை வாடகைக்குக் கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். தெருவில் போகிறவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். வண்டிமாடுகளைக்கூட அந்த ஓரமாக ஓட்டுவதில்லை. சின்னவரும் பயந்துபோனார். எதற்கு வம்பு, அடியில் வரிசையாகச் செங்கல் தூண் எழுப்பிவிடலாம் என்றார்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "தூண் வச்சா அது இந்தக் கட்டடம் இல்லீங்க, மாட்டுக் கொட்டாய். முட்டைப் பிரிக்கிற அன்னிக்கு நான் அடியில உக்காந்துருக்கேன். நின்னா கடையை எடுத்துக்கட்டும். விழுந்தா எம்மேல விழுவட்டும்" என்று கடைத்தெருவிலேயே சொல்லிவிட்டு வந்தார்.

அன்று அம்மா உலை வைக்கவில்லை. மாமா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். "கல்யாணம் ஆவாத புள்ள நீ. ஒனக்கு என்னடா அந்தச் சிமெண்டு மேல அப்படி ஒரு கண்ணு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பா மூலையில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்க மாமன்கிட்ட சொல்லு ஆயி, வீம்புக்கு எவனும் முட்டுக் குடுக்க மாட்டான்னு" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை முட்டுப் பிரிப்பது என்று முடிவாயிற்று. முதல் நாள் மத்தியானம் அப்பா என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். வாழைக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த கல்மூங்கில் கழிகளில் நல்லதாக, கெட்டியாகப் பார்த்துப் பொறுக்கினார். ஒன்றைத் தட்டிப் பார்ப்பார், வைப்பார், வேறொன்றைத் தூக்குவார். அவற்றைக் கைவண்டியில் வைத்து, மேலே வாழைச் சருகைப் போட்டு, அதற்கு மேலே என்னையும் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தார். வழியில் கேட்டவர்களிடம், "புள்ளைக்குக் கால்ல முள்ளு" என்றார். என் காலில் முள் எதுவும் இல்லை. ஆனாலும் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கட்டடம் வளையும் இடத்தில், தளத்தின் வெளி ஓரத்தை ஒட்டிக் கீற்றுத் தட்டி அடைத்து, உள்ளே சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்தார்கள். அப்பா தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போய், தளத்தின் நுனிக்கு அடியில் மூங்கில்களை நிறுத்தி, அடியில் கல் வைத்து இறுக்கினார். நான் வாசலில் காவல்.

"தார் கனத்துச்சுன்னா எங்க ஆயி முட்டுக் குடுக்கணும்?" என்று கேட்டார்.

"கழுத்துல."

"அதான். கனம் எங்க தொங்குதோ அங்க குடுக்கணும். இவனுங்க படிச்ச லெச்சணம், வேர்ப் பக்கத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நுனிய அம்போன்னு விடப் போறானுங்க. ஒங்க அம்மாகிட்ட மூச்சு விடாத. ஒங்க மாமன்கிட்டயும்தான்."

இரண்டு பேர் பேசுவதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையிலேயே இருந்தவளுக்கு, ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னது முதல் தடவை. ராத்திரியெல்லாம் வயிற்றுக்குள் அது மூங்கில் மாதிரியே நின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கடைத்தெருவில் தேர்க்கூட்டம். எதிர்ச் சாரியில் கூரைமேல்கூட ஆள். சின்னவர் குடையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். மாமா கோவிலுக்குப் போகிறவர் மாதிரி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்து, தளத்துக்கு நேர் அடியில் ஒரு கோணியை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கட்சிக் கரை வேட்டியில்லை, வெறும் வெள்ளை. அம்மா எதிரே தெரு மண்ணில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா கூட்டத்துக்குப் பின்னால், வேறு யாருடைய வீட்டு விசேஷத்துக்கோ வந்தவர் மாதிரி.

"நுனியிலேருந்து ஆரம்பிங்கடா. வெளியிலேருந்து சுவத்தப் பாத்து வரணும். மாத்தி எடுத்தீங்க, நாந்தான் அடியில இருக்கேன், பாத்துக்குங்க" என்றார் மாமா.

ஆட்கள் சுத்தியலால் தட்டித் தட்டிச் சவுக்கு மரங்களை உருவினார்கள். ஒவ்வொன்றும் சாயும்போது கூட்டம் ஒரு அடி பின்னால் போகும், பிறகு ஒரு அடி முன்னால் வரும். வெளி வரிசை போயிற்று, நடு வரிசை போயிற்று. கடைசியாகச் சுவரை ஒட்டியிருந்த வரிசையும் வந்துவிட்டது. மாமாவுக்கு மேலே தளம் மட்டும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. விழவில்லை. யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் ஒரு முனகல் கேட்டது. கிழட்டு மாடு படுக்கும்போது முனகுமே, அப்படி. தொடர்ந்து தளத்தின் அடியிலிருந்து கொஞ்சம் சிமெண்டுத் தூள் உதிர்ந்து மாமாவின் தோளில் விழுந்தது.

ஆட்கள் சுத்தியலைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். "விரிசல் விட்டுருச்சு, எந்திரிச்சு வாய்யா" என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். மாமா மேலே பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. கணக்குத் தப்பிப்போன பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முகம் அது. எங்கே தப்பு என்று தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சின்னவர் குடையை மடக்கிவிட்டு, "தூண் வச்சிருவோம்யா, முட்டைத் திருப்பி நடுங்க" என்றார்.

மறுபடியும் ஒரு முனகல்.

வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். காற்றடிக்கிற ராத்திரியில் பாரம் தாங்காமல் முட்டுக்கழி போடுகிற சத்தம். நான் அம்மாவின் தோளை விட்டுவிட்டு ஓடினேன். அம்மா என் பாவாடையைப் பிடித்தாள், நாடா அறுந்தது. ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தளத்தடியில் போய் நின்று சொன்னேன்.

"மாமா, அது தளம் இல்ல. அப்பாவோட மூங்கிலு."

மாமாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் கை காட்டிய பக்கம் போய்க் கீற்றுத் தட்டியைப் பிடித்துச் சாய்த்தார். உள்ளே அப்பாவின் மூங்கில்கள் வில்லாக வளைந்து, நாக்கின் நுனியைத் தாங்கிக்கொண்டு நின்றன. கூட்டம் திரும்பி அப்பாவைப் பார்த்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், இங்க வாங்க" என்றார் மாமா.

என் வழியாக இல்லை. நேராக. அப்பாவும் வந்தார்.

"இது வாழை இல்ல மச்சான், கை." மாமா என் கையைப் பிடித்து நேராக நீட்டினார். "கைய நீட்டினா எது தாங்குது? தோளு. இதுக்கு நரம்பெல்லாம் மேல ஓடுது, சுவத்துக்குள்ள போயி இறுக்கிப் புடிச்சிருக்கு. அடியில நரம்பு கெடையாது. நீங்க வெரல் நுனியில முட்டுக் குடுத்தா, பாரம் நடுவுல எறங்கி அங்கதான் முறியும். தாங்கறேன்னு ஒடைக்கப் பாத்தீங்களே."

"எனக்கு என்னய்யா தெரியும்" என்றார் அப்பா. "கனம் தொங்குதேன்னு பாத்தேன்."

"வச்ச கையே எடுக்கட்டும்."

"எடுத்தா நிக்குமா மாப்ளே?"

"நிக்கும்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நான் இங்கதான இருக்கேன்."

மாமா பழையபடி கோணியில் போய் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். போ என்று யாரும் சொல்ல முந்திவிட்டேன். அப்பா எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, மூங்கிலுக்கு அடியில் வைத்த கல்லைச் சுத்தியலால் தட்டினார். பாரம் ஏறி இறுகிப் போயிருந்தது, வரவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். கல் தெறித்தது. மூங்கில் நிமிர்ந்துகொண்டு சாய்ந்தது. அடுத்ததையும் தட்டினார். கடைசி மூங்கில் விழுந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

தளம் நின்றது. முனகல் இல்லை, தூள் இல்லை. மேலே ஒரு குருவி வந்து உட்கார்ந்து விளிம்பில் நடந்தது. அதன் கால் நகத்தின் சத்தம்கூடக் கேட்டது.

முதலில் அசைந்தது ஒரு மோர்க்காரி. "வெயில்ல எம்புட்டு நேரந்தான் நிக்கிறது" என்று சொல்லிக்கொண்டே பானையைத் தூக்கி வந்து தளத்தடி நிழலில் இறக்கி வைத்தாள். அவளுக்குப் பின்னால் கூட்டம் வந்தது. பாளை சீவப் போகிறவர், கதிர்க்கட்டுக்காரிகள், வெற்றிலை வாங்க வந்த பண்ணை வீட்டு ஆட்கள் எல்லாரும் அந்த ஒரு நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். யார் இங்கே நிற்கலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்று அந்த நிழலுக்கு அதுவரை யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. பிறகும் போட முடியவில்லை. மழையானாலும் வெயிலானாலும் கடைத்தெருவில் எல்லாரும் ஒதுங்குகிற இடமாக அது ஆகிப்போனது. சென்னைப் பிள்ளைகள் வளைவையும் சீப்பு நிழலையும் பற்றித்தான் எழுதியிருப்பார்கள். அதுவும் சரிதான்.

அம்மா மாமாவின் முதுகில் ஒரு அடி வைத்தாள். என் முதுகில் இன்னொன்று. பிறகு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

சின்னவர் போனார், கூட்டம் கலைந்தது, மாமா ஆட்களோடு சவுக்கு மரங்களை எண்ணி அடுக்கப் போனார். அப்பா மட்டும் தளத்தடியில் உட்கார்ந்தார். நான் பசிக்கிறது, போகலாம்பா என்றேன். இரு ஆயி என்றார். இன்னும் தரை போட்டிருக்கவில்லை. கொட்டி வைத்திருந்த மண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்ப்பார், மாடியைப் பார்ப்பார், மறுபடியும் மண்ணைப் பார்ப்பார். பயந்துபோயிருக்கிறார், களைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். சர்க்கார் நிலத்தை அளக்க வருவதற்குள் பண்ணை வீட்டார் பாதியை விற்றுப் பணமாக்கிவிட்டார்களாம். முதலில் விலைபோனது அப்பாவின் படுகைதான். அந்தப் பணம்தான் கடைத்தெருவில் கட்டடமாக எழும்பியது. விவசாயிகள் சங்கத்தார் தோட்டத்தில் கொடி நட்டு மறிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சின்னவர் பேசி முடித்து, ஆற்றுக்கு அப்பால் ஒரு துண்டு நஞ்சையை அப்பா பெயருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில்தான் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு வளர்ந்தோம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டட வேலையை மாமா ஏற்றுக்கொண்டதற்காகத்தான் அப்பா அவரிடம் பேச்சை நிறுத்தியிருக்கிறார். கட்சி, கொடி, படியரிசி எல்லாம் எனக்காகச் சொன்னது.

தையோடு தோட்டத்தை விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. அதற்குப் பிறகு முட்டுக் கொடுக்க அவருக்கு வாழை கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் அத்தனை மூங்கிலையும் தட்டித் தட்டிப் பொறுக்கியிருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் என்ன தெரியும். பசி ஒன்றுதான் தெரிந்தது. அறுந்த நாடாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். அவர், கட்டடமாகிப்போன தன் படுகையில் கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்திருந்தார்.